ஏழாவது சட்டி

இடமாற்ற உத்தரவு வந்த அன்று அற்புதமேரி சந்தோஷப்பட்டது மொத்தம் பதினோரு நிமிடம். நான் கடிகாரம் வைத்துப் பார்க்கவில்லை, அவளே சொன்னதுதான். பன்னிரண்டாவது நிமிடத்தில் அவளுக்குச் சட்டி ஞாபகம் வந்துவிட்டது.

சட்டிக்கு முன்னால் ஆளைச் சொல்லிவிடுகிறேன். அற்புதமேரி காவேரிப்பட்டினத்துக்காரி, வயது ஐம்பத்திரண்டு. கட்டடமும் பாலமும் கட்டுகிற அரசாங்கத் துறை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். அவள் ஸ்டோர் இருந்ததோ ஓசூரையும் தாண்டி, தேன்கனிக்கோட்டை போகிற வழியில், தைல மரங்களுக்கு நடுவே வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன ஒரு பழைய பங்களாவில். காலை ஐந்தே முக்காலுக்கு வீட்டை விடவேண்டும். கிருஷ்ணகிரியில் ஒரு பஸ், ஓசூரில் ஒரு பஸ், கடைசியில் ஒரு கிலோமீட்டர் மேட்டு நடை. இப்படிப் பதினான்கு வருடம். அவள் பஸ்ஸில் போன தூரத்தைச் சேர்த்தால் நிலாவுக்கே போய்விடலாம் என்பான் கணவன் ஜேம்ஸ். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போகலாம், திரும்பும் வழியில் பாதிக்கு மேல் வந்தும்விடலாம். ஓசூரிலேயே குடியிருக்கலாமே என்றால், ஜேம்ஸுக்கு வேலை காவேரிப்பட்டினம் பக்கத்து மாங்கூழ் ஃபேக்டரியில், பாய்லர் ஆபரேட்டர். சொந்த வீடும் அங்கேதான். ஓசூரில் கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் வாடகையை இவர்கள் சம்பளம் தாங்காது.

ஜூன் ஒன்பதாம் தேதி வந்த உத்தரவு அவளைக் காவேரிப்பட்டினத்தில் இருந்த அதே துறையின் சின்ன ஸ்டோருக்கு மாற்றியது. வீட்டிலிருந்து எட்டு நிமிட நடை. அங்கே இருக்கும் ஹரீஷ்குமார் இங்கே வரவேண்டும். ஆளுக்கு ஆள் மாற்றம். ஒரே ஒரு நிபந்தனைதான். ஸ்டோர் பொறுப்பை முழுதாக ஒப்படைத்துவிட்டு, இருபத்தைந்தாம் தேதிக்குள் புது இடத்தில் சேர்ந்துவிடவேண்டும். தவறினால் உத்தரவு ரத்து. இன்னொன்று எப்போது வரும் என்று கேட்டால் ஆபீஸில் மேலே கையைக் காட்டுவார்கள்.

இப்போது சட்டிக்கு வருகிறேன்.

அந்தப் பங்களாவில் ஒரு காலத்தில் துரைமார் குதிரையில் வந்து தங்கினார்கள். அவர்கள் தங்குவதற்கு வேண்டிய சாமான்களை அப்போதே ஒரு பதிவேட்டில் ஏற்றினார்கள். நாடு சுதந்திரம் அடைந்தது, சாமான்கள் அடையவில்லை. பதிவேடு கிழியக் கிழியப் புதுப் பதிவேட்டில் அப்படியே எழுதிக்கொண்டு வந்தார்கள். துத்தநாகக் குளியல் தொட்டி ஒன்று, கித்தான் கூடாரம் இரண்டு, ஆள் இழுக்கும் விசிறித் துணி ஒன்று. அதற்குக் கீழே, ‘சேம்பர் யூட்டென்சில், எனாமல், ஆபிசர்ஸ், ஆறு’. அதாவது, ராத்திரியில் துரைக்கு அவசரம் என்றால் வெளியே இருட்டில் போகாமல், கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துக்கொள்கிற சட்டி. வெள்ளை நிறம், நீல விளிம்பு, காது வைத்தது, மூடி போட்டது. ஒவ்வொன்றின் அடியிலும் கறுப்புப் பெயிண்டில், அரசாங்கச் சொத்து என்று காட்டும் ஓர் அம்புக்குறியும் ஓர் எண்ணும்.

அதைக் கழித்துக்கட்ட வழியில்லையா என்று கேட்பீர்கள். மூன்று பேர் கொண்ட கமிட்டி வந்து பார்த்து, உபயோகத்துக்கு லாயக்கில்லை என்று எழுதவேண்டும். ஒருமுறை வந்தார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். யாரும் பயன்படுத்தாததால் சட்டி கெடவில்லை. கெடாததால் கழிக்க முடியவில்லை. ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டு, கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பதினான்கு வருடத்துக்கு முன் அற்புதமேரி பொறுப்பு எடுத்தது மழை கொட்டிய ஒரு சாயங்காலம். கடைசி பஸ் போய்விடுமே என்ற பயத்தில், எழுதியிருந்த எல்லாவற்றுக்கும் நேராக ‘சரி’ போட்டுக் கையெழுத்து வைத்தாள். மறுவாரம் நிதானமாக எண்ணினாள். ஐந்துதான் இருந்தது. நாலாம் நம்பர் இல்லை.

அந்த ஒரு கையெழுத்துக்குப் பிறகு அவள் நிம்மதியாக இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. வருடத்துக்கு ஒருமுறை சரிபார்க்க அதிகாரி வருவார். அதற்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். மூன்று சட்டி முன்னறையில், இரண்டு பின்னறையில். அதிகாரி முன்னறையில் மூன்றை எண்ணியதும் வராந்தாவில் டீ. அவர் டீயை ஊதிக் குடிக்கும் நேரத்தில், வாட்ச்மேன் எல்லப்பன் துண்டுக்கு அடியில் ஒன்றை மறைத்துப் பின்னறைக்குக் கொண்டுபோய்விடுவார். மூன்றும் மூன்றும் ஆறு. பதின்மூன்று டீ, பதினான்கு ஓட்டம். ஒரு வருடம் அதிகாரிக்குச் சர்க்கரை வியாதி, டீ வேண்டாம் என்றுவிட்டார். அன்று அற்புதமேரி வராந்தாவில் உண்மையாகவே மயங்கி விழுந்தாள். எல்லப்பன் அவளுக்குத் தண்ணீர் தெளிப்பதா சட்டியைத் தூக்குவதா என்று யோசித்து, சட்டியைத் தூக்கினார்.

ஆனால் ஹரீஷ்குமாரிடம் இந்த டீ செல்லாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முப்பத்தைந்து வயதுப் பையன். ஒவ்வொரு சாமானையும் செல்போனில் படம் பிடித்து, டார்ச் அடித்து, அடியில் இருக்கும் நம்பரை வாய்விட்டுப் படித்துத்தான் வாங்குவானாம். துறை வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ கேலியாகப் போட்டிருந்தார்கள். அதைப் படித்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குறைவு என்று எழுதிவிட்டால் மெமோ வரும், விளக்கம் கேட்பார்கள், பதினான்கு வருட ‘சரி’யையும் தோண்டுவார்கள். இருபத்தைந்தாம் தேதி அதுபாட்டுக்குப் போய்விடும்.

ஜேம்ஸ்தான் வழி சொன்னான். பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு இருவரும் பெங்களூர் பழைய சாமான் சந்தைக்குப் போனார்கள். நடைபாதையில் நாலு மணி நேரம் குனிந்து குனிந்து தேடி, உடைந்த ரேடியோவுக்கும் குதிரை லாடத்துக்கும் நடுவில் கண்டுபிடித்தார்கள். அதே வெள்ளை, அதே நீல விளிம்பு, மூடியோடு. கடைக்காரன் கன்னடத்தில் அதைப் பெருமையாகச் சாம்பார் வாளி என்றான். அற்புதமேரி மறுத்துப் பேசவில்லை. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டாள். ஐந்து ரூபாய் கத்தரிக்காய்க்குக் கால் மணி நேரம் பேசுகிறவள்.

வீட்டில் வைத்து உப்புத்தாளால் தேய்த்தாள். இரண்டு ராத்திரி டீத்தூள் தண்ணீரில் ஊறவைத்தாள். அடியில் கறுப்புப் பெயிண்டில் அம்புக்குறி, நாலு. பழைய எழுத்து மாதிரியே நாலின் கால் கொஞ்சம் வளைந்து. பதினேழாம் தேதி மதியச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து எடுத்துப்போய் மற்ற ஐந்துக்குப் பக்கத்தில் வைத்தாள். எல்லப்பன் வந்து பார்த்தார், புதுசு எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அரை மணி கழித்து அவளாலும் முடியவில்லை.

மூன்று நாள் நன்றாகத் தூங்கினாள்.

இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானம் பங்களா வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் நாராயணப்பன். அற்புதமேரி பொறுப்பு எடுப்பதற்கு முன்பே அங்கே எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்று, ஓசூரில் வீடு கட்டிக்கொண்டவர். கையில் துணிக்கடைப் பை. உள்ளே வந்து, கதவைச் சாத்தச் சொல்லி, பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். வெள்ளை, நீல விளிம்பு, மூடி. அடியில் அம்புக்குறி, நாலு.

அவர் சொன்னதை நான் சிரிக்காமல் சொல்லிப் பார்க்கிறேன். இருபது வருடத்துக்கு முன்னால், அழகாக இருக்கிறதே, சும்மா கிடக்கிறதே என்று வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாராம். அவர் சம்சாரம் சரோஜம்மாள் அதை விசேஷப் பாத்திரமாகவே வைத்திருந்தார்கள். பொங்கலுக்கு, யுகாதிக்கு, மகன் நிச்சயதார்த்தத்துக்கு, எல்லாவற்றுக்கும் பாயசம் அதில்தான். சம்பந்தி வீட்டார் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தார்களாம். போன வாரம் வெளிநாட்டிலிருந்து வந்த மருமகள் செல்போனில் படம் பிடித்து, இது என்ன பாத்திரம் என்று தேடியிருக்கிறாள். செல்போன் சொல்லிவிட்டது. அதிலிருந்து சரோஜம்மாள் அவரோடு பேசுவதில்லை.

அற்புதமேரிக்கு அழுகை வந்தது. இதைத் திருப்பிக் கொண்டுபோய்விடும்படி கெஞ்சினாள். அவர் தலையை ஆட்டினார். அது வீட்டுக்குள் வந்தால் அம்மாள் வெளியே போய்விடுவார்களாம். சரி, எடுத்துப்போனதாக ஒரு வரி எழுதியாவது கொடுங்கள் என்றாள். பென்ஷன்காரனை எதிலும் மாட்டிவிடாதே தாயே என்று கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

ஆக, ஏழு.

குறைந்தால்தான் குற்றம், கூடினால் என்ன என்று நினைக்கிறவர்கள் அரசாங்க ஸ்டோரைப் பார்க்காதவர்கள். குறைவு என்றால் தொலைத்துவிட்டாய். கூடுதல் என்றால் எங்கிருந்து வந்தது, எந்தக் கணக்கில் வாங்கினாய், இன்னும் என்னென்ன எழுதாமல் வைத்திருக்கிறாய்? சிங்காரப்பேட்டைப் பக்கம் ஒரு ஸ்டோர் கீப்பர் ஒரு மண்வெட்டி கூடுதலாக வைத்திருந்ததற்குப் பதில் எழுதி எழுதியே, அந்த மண்வெட்டியைவிடக் கனமாக ஒரு ஃபைல் சேர்ந்துவிட்டது என்று துறையில் பேச்சு. ஃபைலை யாரும் எடை போட்டதாகத் தெரியவில்லை. அற்புதமேரி அதை நம்பினாள், அது போதும்.

இரண்டில் ஒன்று போகவேண்டும். எது தன்னுடையது என்று இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். இரண்டு நாலுக்கும் கால் வளைந்திருந்தது. கைக்கு வந்த ஒன்றை எடுத்துப் பையில் போட்டு, சாயங்காலம் ஓசூர் பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள். பஸ் நிலையத்தில் கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு போனது. அக்கா, பை, என்று யாராவது கூப்பிடுவார்களோ என்று கிருஷ்ணகிரி பஸ் கிளம்பும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இதைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமா என்று பார்த்தாள். இருக்கவேண்டியதைவிட ஒன்று கூடுதலாக வைத்திருந்தது பத்துக் கட்டளையில் எதில் சேரும் என்று புரியாமல் திரும்பி வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பங்களாவுக்குப் பிரியும் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கண்டக்டர் முனிவேல் பின்னாலேயே இறங்கினார். கையில் அதே பை. இரண்டு நாளாக டிக்கெட் மிஷினோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தாராம். யாருடையது என்று தெரியாமல் திறந்து பார்த்தபோது அடியில் அம்புக்குறி இருந்தது. அந்தக் குறி இந்த வட்டாரத்தில் பங்களா ஒன்றில்தான் உண்டு என்று அவருக்குத் தெரியும்.

“கவர்மெண்டு பொருளுங்க அக்கா. நானும் கவர்மெண்டுதான, உட்டுருவனா?” என்றார்.

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னல் வழியாக அவரைப் பாராட்டினார்கள். அற்புதமேரியும் நன்றி சொன்னாள். வெறும் சட்டியாக இருந்திருந்தால் இந்நேரம் யார் வீட்டிலாவது அரிசி களைந்துகொண்டிருக்கும். தன் காசில் வாங்கிய சட்டிக்குத் தன் கையாலேயே அரசாங்க முத்திரை குத்திவிட்டாள். இனி அதை யார் பார்த்தாலும் இங்கேதான் கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

எல்லப்பனிடம் கொடுத்து வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னாள். பயம் வந்தால் எல்லப்பன் தெலுங்குக்குப் போய்விடுவார். அன்று அவர் பேசியதில் ஒரு வார்த்தை தமிழ் இல்லை. கடைசியில் இருவருமாகச் சேர்ந்து, கூடாரத் துணியின் ஏழாவது மடிப்புக்குள் சட்டியைச் சுருட்டி, அதைக் குளியல் தொட்டிக்குள் வைத்து, மேலே விசிறித் துணியைப் போட்டு மூடினார்கள்.

இருபத்துநாலாம் தேதி காலை ஒன்பதரைக்கு ஹரீஷ்குமார் வந்தான். ஒல்லியான உடம்பு, தோளில் பை, பைக்குள் காவேரிப்பட்டினத்து ஸ்டோர் சாவி. இன்று இங்கே வாங்கிக்கொண்டு, நாளை அங்கே அவளிடம் ஒப்படைக்கவேண்டும். டீ வேண்டாம் என்றான். முன்னறையில் ஆறு சட்டியையும் வரிசையாக வைத்து, கவிழ்த்து, படம் பிடித்து, நம்பரைப் படித்தான். ஒன்று முதல் ஆறுவரை சரி. அற்புதமேரி தன் ஜபமாலையைப் புடவைத் தலைப்புக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். மண்வெட்டி, கடப்பாரை, தார் ட்ரம், எல்லாம் சரி. மணி இரண்டு ஆனது. குளியல் தொட்டியிடம் வந்தான்.

விசிறித் துணியை எடுத்துப் பிரித்தான். கூடாரத்தை எடுத்தான். அதில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கமுடியாது என்றான். எலி மருந்து போட்டிருப்பதாக அவள் சொன்னாள். அவன் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மடிப்பாக விரித்தான். எல்லப்பன் தோட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார். ஐந்து மடிப்பு. ஆறு. சட்டி உருண்டு வந்து அவன் காலருகில் நின்றது.

அவன் அதைத் திருப்பிப் பார்த்தான். முன்னறைக்குப் போய் இன்னொன்றை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தான்.

“மேடம், நாலு ரெண்டு இருக்குதுங்க.”

அவள் சொல்லிவிட்டாள். மழை பெய்த சாயங்காலம், துண்டுக்கு அடியில் ஓட்டம், பெங்களூர், பாயசம், பஸ், ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவளுக்குப் பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. பதிவேட்டை இழுத்து, பேனாவைத் திறந்தாள்.

“கூடுதல் ஒண்ணுன்னு எழுதிடறன் தம்பி. நாளைக்கு அங்க வந்து சேர முடியாது. பரவால்ல, பஸ்ஸு பழகிப்போச்சு.”

ஹரீஷ்குமார் பதிவேட்டின்மேல் கையை வைத்தான். திட்டப்போகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் முகம் அவளைவிட வெளுத்திருந்தது.

“எழுதாதீங்க மேடம். அங்க ஒரு சங்கிலி இல்லீங்க.”

நிலம் அளக்கிற இரும்புச் சங்கிலி, வெள்ளைக்காரன் காலத்தது. புத்தகத்தில் நாலு, சுவரில் மூன்று. அவன் பொறுப்பு எடுத்தபோதே இல்லை. அவனுக்கு முன்னால் இருந்தவரிடமும் இல்லை. எண்ணாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதற்கு அப்புறம் எண்ணியிருக்கிறான். அதிலிருந்துதான் எதைக் கண்டாலும் டார்ச் அடிக்கிற பழக்கம். அவன் மனைவி சரிதா ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. கல்யாணமாகி நாலு வருடத்தில் இருவரும் சேர்ந்து இருந்தது ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும், அதிலும் அவளுக்கு ஓவர்டைம் இல்லாத ஞாயிறுகள். இந்த மாற்றம் நின்றால் அவனும் நின்றான்.

“எண்ண விடாமயே என்கிட்ட கையெழுத்து வாங்கிரலாம்னு வந்தியா?”

“ஆமாங்க. வீட்டுக்குப் பக்கத்துல வர்ற சந்தோஷத்துல போட்டுருவீங்கன்னு நெனச்சன்.”

அவள் பேனாவை மூடினாள். கோபம் வரவேண்டிய இடம்தான். ஆனால் அவளும் காலையிலிருந்து அவனைக் கூடாரத்தைப் பிரிக்கவிடாமல் இருக்கத்தானே பார்த்தாள்? அவன் கணக்கை அவனே சொன்னான். இங்கே ஏழைப் பார்த்துவிட்டு ஆறுக்கு அவன் கையெழுத்து. அங்கே மூன்றைப் பார்த்துவிட்டு நாலுக்கு அவள் கையெழுத்து. துறையில் எல்லப்பனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. எல்லப்பனோ தமிழில் சொல்லமாட்டார்.

எனக்குத் தெரிந்து அற்புதமேரி வாழ்க்கையில் யாரிடமும் நிபந்தனை போட்டதில்லை. அன்று போட்டாள்.

“போடறன். ஆனா அது இல்லாத எடத்த நீ எனக்குக் காட்டணும். எனக்கு அன்னிக்கி யாரும் காட்டல.”

அவன் ஆறுக்கு நேராகக் கையெழுத்துப் போட்டான். ஏழாவதை என்ன செய்வது என்று இருவரும் பேசவில்லை. அதை அவன் தன் மேஜைக்கு அடியில், கால்பக்கமாக வைத்துக்கொண்டதை மட்டும் போகும்போது பார்த்தாள். அவன் அதைக் காலால் ஒருமுறை உள்ளே தள்ளினான். சற்று நேரத்தில் இன்னொரு முறை தள்ளினான்.

மறுநாள் காலை காவேரிப்பட்டினத்தில், தகரக்கூரை போட்ட அந்த ஸ்டோரின் கோடியில், ஹரீஷ்குமார் செல்போன் டார்ச்சை அடித்துக் காட்டினான். சுண்ணாம்புச் சுவரில் நாலு பெரிய ஆணிகள். மூன்றில் சங்கிலிகள் சுருளாகத் தொங்கின. நாலாவது வெறும் ஆணி. அதற்குக் கீழே, சங்கிலி தொங்கிய இடத்தில், துரு இறங்கிச் சுவரில் அதன் உருவம் அப்படியே பதிந்திருந்தது. வளையம் வளையமாக, அளவு காட்டும் பித்தளைச் சீட்டுத் தொங்கிய இடம்கூடத் தெரிந்தது.

அவள் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். கடைசியாக யார் எடுத்தார்கள் என்று கேட்டாள். தெரியாது என்றான். எந்த வருடம்? தெரியாது. எத்தனை அடி? அறுபத்தாறு. அது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்திருந்தது. அவள் அதைக் கைப்பையில் இருந்த சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். மற்ற சாமான்களையும் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள். அவன் காட்டினான், அவள் தொட்டுப் பார்த்து டிக் போட்டாள். ஓசூர் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை, மணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியானம் ஆகிவிட்டது.

பிறகு பதிவேட்டைத் திருப்பினாள். ‘சங்கிலி, அளவை, நான்கு’ என்ற வரிக்கு நேராகப் பேனாவை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள். தெரியாமல் ஒருதரம் போட்டதற்குப் பதினான்கு வருடம். தெரிந்து போடுவதற்கு எத்தனை என்று அவளுக்குச் சொல்ல அங்கே யாருமில்லை. கையெழுத்துப் போட்டாள்.

சாவியை வாங்கிக்கொண்டு, அவன் தெருமுனையைத் தாண்டும்வரை பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். சுவரோரம் கிடந்த தார் ட்ரம் ஒன்றை உருட்டி, அந்தத் துருக்கறை தெரியாதபடி நிறுத்தினாள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். ட்ரம்மை அங்கே எதற்கு வைத்தாய் என்று யாராவது கேட்பார்கள் என்று தோன்றியது. பழைய இடத்துக்கே உருட்டிவிட்டாள்.